கூரை மாற்றாத வருடம்

ஈரப்பலா காய்க்கும் காலம் வந்துவிட்டால் முதல் காய் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். கொண்டுவருகிறவர் எல்ஹா மச்சான். சைக்கிளின் பின்னால் சாக்கில் கட்டி, ஃபேதூத் தீவிலிருந்து மரதூத் தீவு வரைக்கும் மிதித்து வந்து, என் உம்மாவின் காலடியில் இறக்கி வைப்பார்.

"மாமி, உங்க மரம் காய்ச்சிருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. மரம் நின்றது அவர் குடியிருந்த முற்றத்தில். தண்ணீர் ஊற்றியதும் இலை பெருக்கியதும் அவர் வீட்டார். ஆனாலும் "எங்க வீட்டு மரம்" என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. தீவுகளுக்கு நடுவில் பாலம் போடுவதற்கு முன்பு சைக்கிள் ஏது, சின்னத் தோணியில் துடுப்புப் போட்டுக் கொண்டுவருவார். கடல் முரண்டு பிடித்த ஒரு வருடம் பாதிக் காய் தண்ணீரில் போய்விட்டது. அதற்காக வந்து உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். "போனது காய்தானே, நீ போகலியே" என்று உம்மா திட்டி அனுப்பினாள்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் முறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் வாப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள் ஒருத்தி, கான் தீவில் வாழ்க்கைப்பட்டாள். அவள் புருஷன் ஈரப்பலாக் கன்று வைப்பதில் கைராசிக்காரர். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கடலில் போனான். பெண் ஹித்ததூவில் கட்டிக்கொடுத்த இடத்தில் பிரசவத்தில் போனாள். மிஞ்சியது எல்ஹா. அப்படித்தான் அவர் எனக்கு மச்சான், என் உம்மாவுக்கு மருமகன் முறை. அவர் பெண்டாட்டி ஸுலைகாவும் கான்காரிதான். அவள் தகப்பன் வழியில் தொட்டால் எனக்குச் சித்தி முறை வரும், அதை விட்டுவிடுவோம்.

வெள்ளைக்காரன் விமானம் இறக்கக் கான் தீவைக் கேட்டபோது, அங்கிருந்தவர்களை ஃபேதூவுக்கு நகர்த்தினார்கள். வந்தவர்களுக்கு இடம் வேண்டுமே, ஃபேதூக்காரர்களான எங்களில் நிறையப் பேரை மரதூவின் முனைக்கு நகர்த்தினார்கள். பல்லாங்குழியில் ஒரு குழியை அள்ளி அடுத்த குழியில் போடுகிற மாதிரிதான். நாங்கள் வீட்டின் வாரிகளையும் கதவையும் பிரித்துத் தோணியில் ஏற்றினோம். கிணற்றையும் மரத்தையும் எப்படி ஏற்றுவது? எங்கள் மனை யாருக்கு விழுமோ என்று வாப்பா கலங்கி நின்றார். எல்ஹாவுக்கு விழுந்தது. "அந்நியன் கையில போகலை, அக்கா மவன் கையிலதான் போவுது" என்று சொல்லித் தோணியில் ஏறினார். எங்களில் மூத்தவளான ராத்தா பிறந்த அன்றைக்கு வாப்பா நட்ட ஈரப்பலா அந்த முற்றத்தில் நின்றது.

எங்கள் பக்கத்தில் மண் அரசாங்கத்துக்கு, நிழல் குடியிருப்பவனுக்கு, மரம் நட்டவனுக்கு. இதை யாரும் எழுதி வைத்ததில்லை, மீறினதும் இல்லை. ஒருவன் ஒரு முற்றத்தில் மரம் நட்டான் என்றால், 'இனி இங்கிருந்து போகமாட்டேன், என் பேரன் இதில் காய் பறிப்பான்' என்று ஊரறியச் சொல்லிவிட்டான் என்று அர்த்தம். அதனால்தான் எல்ஹா மச்சான் எங்கள் முற்றத்தில் ஒரு முருங்கைக் கொம்புகூட ஊன்றவில்லை. ஸுலைகா மிளகாயும் கறிவேப்பிலையும் வளர்த்தாள். எல்லாம் வெள்ளைக்காரன் பால்மாவுத் தகரங்களில். வாசலில் வரிசையாக வைத்திருப்பாள், இப்போதே தூக்கிக்கொண்டு தோணி ஏறப்போகிறவள் மாதிரி.

"எத்தனை வருசத்துக்குத் தகரத்துல குடித்தனம் பண்ணுவே?" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்பார்கள்.

"அவருகிட்ட கேளுங்க. நான் கேட்டா, 'பட்டாளம் என்ன பரம்பரைக்கா இருக்கப்போவுது'ன்னு சொல்றார்" என்பாள்.

மச்சான் கானில் இருந்த பட்டாள முகாமில்தான் வேலை பார்த்தார், எங்கள் எல்லாரையும் போல. சமையல்கட்டில் தட்டுக் கழுவுகிற வேலை. ஆள் சுத்தம், கை வேகம், வாய் கிடையாது. அதனால் துரைமார் அறைகளைப் பார்க்கிற வேலைக்கு இரண்டு தரம் கூப்பிட்டார்கள். கூலி கூட, மிச்சம் மீதிச் சட்டை சப்பாத்தும் கிடைக்கும். போகமாட்டேன் என்றார். எல்லாரும் அவரைக் கிறுக்கன் என்று சொன்னார்கள். நானும் அதே சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கச் சேர்ந்த பிறகுதான் விஷயம் எனக்குப் புரிந்தது.

சேர்ந்த புதிதில் ஒருநாள் கழிவுத்தண்ணீர் ஓடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். இரண்டு காலி எண்ணெய்ப் பீப்பாய்களை நகர்த்தினார். நடுவில் ஒரு கன்று, முழங்கால் உயரம், விரல் விரித்த மாதிரி இலை.

"ஈரப்பலாவா மச்சான்? யார் வச்சது?"

"எவனும் வைக்கலை. எங்க வாப்பா வச்ச மரத்தோட வேர் இது. அந்த அடுப்பு நிக்குது பாரு, அங்கதான் எங்க வீடு. மரத்தை வெட்டிட்டான், மேல சிமிட்டியும் போட்டுட்டான். வேர் இந்தப் பக்கமா ஓடியிருக்கு."

தோட்டக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை புல் வெட்ட வரும்போது அதையும் சேர்த்துச் சீவிவிடுவார்களாம். மறுபடி துளிர்க்கும், மறுபடி சீவுவார்கள். பட்டாளத்துச் சட்டம் அப்படி. நட்ட செடி நிற்கலாம், தானாய் முளைத்தது நிற்கக்கூடாது. பீப்பாயை நகர்த்தி வைத்து மறைத்தாலும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். இவரும் சண்டைக்குப் போகமாட்டார். சீவிப் போட்டதை எடுத்து ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, கழுவின தண்ணீரை அந்தப் பக்கமாகத் திருப்பிவிடுவார்.

இப்படி வருடங்கள் போயின. என் வாப்பா மரதூவில் மௌத்தாகி, அங்கேயே அடங்கினார். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பாலம் வந்தது, சைக்கிள் வந்தது. பிறகு ஒரு வருடம் முகாமில் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. லண்டனில் காசில்லையாம், தூரத்துத் தீவுகளில் பட்டாளம் வைத்துக் கட்டுப்படி ஆகவில்லையாம். முதலில் நாங்கள் நம்பவில்லை. வெள்ளைக்காரனுக்கே காசில்லையென்றால் மீனுக்கும் நீச்சல் மறந்துபோகும் என்று சிரித்தோம்.

ஆனால் சமையல்கட்டுக்குத்தான் முதலில் தெரியும். மூட்டை கணக்கில் வந்த கிழங்கு கூடை கணக்கில் வர ஆரம்பித்தது. ஒருநாள் சார்ஜென்ட் ஹாலம் வந்தார். பெரிய மீசை, நல்ல மனுஷர், எங்கள் பாஷை அரைகுறையாகப் பேசுவார். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் பலகைத் தடுப்பு அடிக்கச் சொன்னார்.

"இனிமே இந்தப் பக்கம் மட்டும் மேசை. அந்தப் பக்கம் வேண்டாம். ஆள் இல்லை" என்றார்.

எல்லாரும் பலகை எடுக்கப் போனோம். எல்ஹா மச்சான் மட்டும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "இந்தப் பக்கம் எப்ப சார் மூடுவீங்க?"

ஹாலம் அவரை உற்றுப் பார்த்தார். "என்ன எல்ஹா, எங்களைத் துரத்துற அவசரமா?"

"இல்ல சார். தெரிஞ்சா நல்லது."

அவ்வளவுதான், ஹாலம் வெளியே போனதும் ஆதம்பே கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் அடுப்பு வேலைக்காரன். ஏழு பிள்ளைகள், மாமியார் வேறு கூட.

"ஓய், உனக்கு மூளை இருக்கா? சோறு போடுற கைக்கு எப்பய்யா நோவு வரும்னு கேக்குறே! இவனுங்க போனா என் பிள்ளைங்க வாயில மண்ணைப் போடவா?"

"மண்ணுதான் ஆதம்பே எனக்கு வேணும்" என்றார் மச்சான்.

"அதையே வேவிச்சுத் தின்னு! மாசிக் கருவாட்டைத் தொட்டுக்க!"

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். ஆனால் ஆதம்பே சொன்னது பொய்யில்லை. அந்தக் கூலியில்தான் நாங்கள் எல்லாரும் அரிசி வாங்கினோம், தகரம் வாங்கினோம், சைக்கிள் வாங்கினோம். மீன்பிடிக்கிற கையெல்லாம் தட்டுக் கழுவிப் பழகிவிட்டது. பட்டாளம் குறைகிறது என்றால் எங்கள் அடுப்பும் குறைகிறது. அது எனக்கும் தெரியும். ஆனால் என்னால் முழுசாக வருத்தப்படவும் முடியவில்லை. கான்காரர் கானுக்குப் போனால், ஃபேதூக்காரர் ஃபேதூவுக்குப் போகலாம். பல்லாங்குழியைத் திருப்பி ஆடினால் போதும். எங்கள் கிணறு, எங்கள் மரம்.

உம்மாவிடம் சொன்னேன். அவள் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள், "எல்ஹா என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலை. தட்டை எண்ணிக்கிட்டே இருக்கார்."

"அவன் எண்ணினா சரியா இருக்கும்" என்றாள்.

ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. மரதூ முனை முழுக்க அதே பேச்சு. வெயில் காலம் வந்தது. வழக்கமாக அப்போதுதான் பழைய கூரையைப் பிரித்துப் புதுக் கிடுகு வேய்வோம், தென்மேற்கு மழை வருவதற்குள். அந்த வருடம் எவரும் வேயவில்லை. 'விட்டுட்டுப் போகப்போற வீட்டுக்கு எதுக்குக் கிடுகு' என்று ஒரு வீடு சும்மா இருந்தது, அதைப் பார்த்து அடுத்த வீடு. கிடுகு முடைந்து விற்கிற பெண்கள் கூடை கூடையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தில் வேறு எவனாவது இப்படிச் செய்வானா தெரியவில்லை. யாரோ எங்கோ ஒரு பட்டாளத்தைக் குறைக்கிறான் என்று மழையை மறந்து கூரையை விட்டவர்கள் நாங்கள்தான்.

மழை வந்தது. வீட்டுக்குள் ஒன்பது இடத்தில் ஒழுகியது என்று என் பெண்டாட்டி சொல்லுவாள், அவள் எதையும் கூட்டித்தான் சொல்லுவாள். சட்டி பானையெல்லாம் தரையில் வைத்து, நடுவில் கால் மடக்கிப் படுத்தோம். உம்மா ஊஞ்சல் கட்டிலில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒரு மழைதானே. அடுத்த மழைக்கு நம்ம வீட்டுல இருப்போம்" என்றாள். குடைக்குள் இருந்து சொன்னாளே தவிர, குரலில் ஒரு குமரிப்பெண் இருந்தாள்.

முகாமில் ஆட்கள் கப்பலிலும் விமானத்திலும் போய்க்கொண்டிருந்தார்கள். படம் காட்டுகிற கொட்டகையை மூடினார்கள். வரிசை வரிசையாகப் படுக்கை வீடுகள் பூட்டிக் கிடந்தன. எங்கள் ஆட்களையும் கொத்துக் கொத்தாக நிறுத்தினார்கள். முதலில் போனது தோட்டக்காரர்கள். போகிறவனுக்கு எதற்குப் பூ? அப்புறம் சலவைக்காரர்கள். அப்புறம் கிழங்கு உரிப்பவன் நான். ஆதம்பேயை நிறுத்தியபோது அவன் கரண்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டு எல்ஹா மச்சானிடம் வந்தான்.

"நீ ஜெயிச்சுட்டே. உன் மண்ணுல எனக்கும் ஒரு மூலை குடு, முருங்கையாவது வைக்கிறேன்" என்றான்.

மச்சான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வச்சுக்க. கிணத்தடிப் பக்கம் நல்ல ஈரம்" என்றார், ஏதோ கிணறு அங்கே திறந்து கிடக்கிற மாதிரி.

தோட்டக்காரர்கள் போனதால் புல் வெட்டுவார் இல்லை. ஓடைக்கரைக் கன்றைச் சீவுவாரும் இல்லை. அது விடுவிடுவென்று எழுந்தது. கூடத்தில் நூறு தட்டுக் குறைந்தபோது பீப்பாயைத் தாண்டியது. தடுப்புக்கு இந்தப் பக்கமும் பாதி காலியானபோது சமையல்கட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தது. என் வேலை போன பிறகும் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து அதைப் பற்றித்தான் பேசுவார். "இப்ப நிழல் விழுதுடா யாக்கூபு, பூனை வந்து படுக்குது" என்பார். ஹாலம்கூட ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இது எப்போது வந்தது?" என்று கேட்டாராம். "உங்களுக்கு முன்னாடியே சார்" என்று இவர் சொன்னாராம். ஹாலம் சிரித்துக்கொண்டு போய்விட்டார். கடைசி வாரம் அவர் கொடுத்துவிட்டுப் போன ஒரு நல்ல கத்தி இன்னமும் ஸுலைகாவின் பேத்தி வீட்டில் இருக்கிறது.

கொடி இறக்கினார்கள். கடைசி விமானமும் போயிற்று. அன்றைக்கு ஃபேதூவிலும் மரதூவிலும் ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூலி போனதற்காகப் பாதிப்பேர், பழகின மனிதர்கள் போனதற்காகப் பாதிப்பேர். எல்ஹா மச்சான் மட்டும் முடி வெட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பாலத்தின் கான் பக்கத்து முனையில் போய் நின்றார். அங்கே தலைநகர் மாலேயிலிருந்து வந்த காவலர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். சாமான்களை எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் உள்ளே போகக்கூடாது என்றார்கள். சரி என்று திரும்பினார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். ஸுலைகா மிளகாய்த் தகரங்களை எல்லாம் ஒரு பலகைமேல் ஏற்றி வைத்திருந்தாள், தூக்குவதற்கு வசதியாக.

சில வாரம் கழித்து, மாலே அதிகாரி ஒருவர் வந்திருப்பதாகக் கத்தீப் ஆள் அனுப்பினார். எங்கள் தீவுகளில் கத்தீப் என்றால் ஊர்த் தலைவர். பள்ளிவாசலுக்கு முன்னால் கூடினோம். அதிகாரி இளம் வயது, மூத்தவர்களைக் 'காக்கா' என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகப் பேசினார். கான் தீவு இனி அரசாங்கத்தின் கையில் இருக்கும், அங்கே தொழில் வரும், எல்லாருக்கும் வேலை வரும், குடியிருப்பு மட்டும் கிடையாது என்றார். ஃபேதூவில் இருப்பவர்கள் ஃபேதூவிலேயே, மரதூவில் இருப்பவர்கள் மரதூவிலேயே.

பிறகு எல்ஹா மச்சான் எழுந்தார்.

"ஐயா, நான் கான்காரன்."

"தெரியுது, சொல்லுங்க."

"எங்க வாப்பா வச்ச மரம் அங்க நிக்குது. நட்டவனுக்கு மரம்னு நம்ம வழக்கம்."

அதிகாரி கத்தீப்பைப் பார்த்தார். கத்தீப் தரையைப் பார்த்தார். "வழக்கம் சரிதான் காக்கா. ஆனா அந்தத் தீவு முழுக்க வெள்ளைக்காரன் வெட்டி, இடிச்சு, கட்டி, அப்படியே ஒப்படைச்சிருக்கான். அங்க நிக்கிறது எல்லாம் இப்ப அரசாங்கத்துக்கு. ஒரு மரத்துக்கு வழி விட்டா நாளைக்கு ஆயிரம் மரம் வந்து நிக்கும்" என்றார் அதிகாரி.

"ஆயிரம் இல்லை. ஒண்ணுதான் உயிரோட இருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. அவரும் ஏதோ ஒரு தீவில் மரத்தடியில் பிறந்தவர்தானே. "நான் சின்ன ஆள் காக்கா. என்னால மாத்த முடியாது" என்றார்.

மச்சான் உட்காரவில்லை. எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அப்புறம் கேட்டார், "அப்ப ஒரு தடவை உள்ளே விடுவீங்களா? சமையல்கட்டுப் பின்னாடி ஒரு கன்னு இருக்கு. தோண்டி எடுத்துக்கிறேன்."

"கன்னுதானே? தாராளமா எடுத்துக்கங்க. காவக்காரன்கிட்ட நான் சொல்றேன்."

அதிகாரிக்குக் கன்று கன்றுதான். என் உம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மண்வெட்டியோடு என்னையும் கூட்டிப்போனார். சமையல்கட்டு பூட்டியிருந்தது. ஓடை காய்ந்து வெடித்திருந்தது. மரம் எங்கள் இரண்டு பேர் உயரத்துக்கு நின்றது. அதன் தூருக்குக் கொஞ்ச தூரத்தில் வேரிலிருந்து இன்னொரு கன்று, முழங்கை நீளம், கிளம்பியிருந்தது. போன மழையிலேயே வேரில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறார். அடிபட்ட இடத்தில்தானே ஈரப்பலா முளைக்கும். கானில் குடியேறியதும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க என்று நினைத்துச் செய்ததாம்.

மண்ணோடு பெயர்த்து ஒரு பால்மாவுத் தகரத்தில் வைத்தோம். பெரிய மரத்தை நிமிர்ந்து பார்த்தேன். "இதை என்ன பண்றது மச்சான்?"

"அது நிக்கட்டும். அது வாப்பாவோடது. நான் நட்டதில்லை" என்றார். கையால் தூரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பீப்பாய் இரண்டையும் உருட்டி மறுபடி பழைய இடத்தில் வைத்தார்.

தகரத்தை அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு, நான் என் சைக்கிளில் பின்தொடர, பாலம் தாண்டினோம். ஃபேதூவில் அவர் வீட்டு வாசலில் ஸுலைகா நின்றிருந்தாள். தகரத்தையும் அதிலிருந்த கன்றையும் பார்த்தாள். அவர் நிற்பார் என்று நினைத்து நான் பிரேக்கைப் பிடித்தேன். அவர் நிற்கவில்லை, நேரே மரதூவுக்கு, எங்கள் வீட்டுக்கு மிதித்தார்.

உம்மா முற்றத்தில் மாசி உடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் வழக்கமாகக் காய்ச் சாக்கை இறக்குகிற அதே இடத்தில் தகரத்தை இறக்கினார்.

"என்னடா, உங்க மரம் காய்ச்சிருக்குன்னு சொல்லலையா?" என்றாள் உம்மா, தலை நிமிராமல்.

"மாமி, இது எங்க மரம்."

"தெரியுது. அதுக்கு இங்க ஏன் வந்தே? உன் வீட்டுக்குக் கொண்டுபோ."

"என் வீடு எதுன்னு கேக்கத்தான் வந்தேன். ஃபேதூவுல உங்க முற்றத்துல இதை வைக்கலாமா?"

அவர் நட்டுவிட்டால் முடிந்தது. ஃபேதூ மனை அவருடையது, எங்களுக்கு மரதூதான். அவள் வேண்டாம் என்றால் அவர் வைக்கமாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். அந்தக் கன்று தகரத்திலேயே வேர் சுருண்டு செத்துப்போகும்.

உம்மா மாசித் துண்டைக் கல்லின் மேல் வைத்து இரண்டு அடி கூட அடித்தாள். அது முன்னமே உடைந்துதான் இருந்தது.

"இத்தனை வருசமா ஒரு மிளகாயை மண்ணுல வைக்காத பாவி. இன்னைக்கு வந்து மரம் வைக்கவான்னு கேக்குறே. உன் மாமா உயிரோட இருந்திருந்தா உன்னைத் தோணிக் கம்பால அடிச்சிருப்பாரு."

"அடிக்கட்டும் மாமி."

"அடிக்க ஆளில்லைன்னுதானே வந்திருக்கே." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கன்றின் இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "நல்ல ஜாதிதான். உன் வாப்பா கை." பிறகு, "எங்க மரத்துக்குக் கிட்ட வச்சிராதே. நிழல்ல ஒடுங்கிப்போகும். கிழக்கால, கிணத்தடி தாண்டி வை. அங்கதான் வெயில் விழும். எனக்கு மறந்தா போச்சு?" என்றாள்.

மச்சான் குனிந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் இழுத்துக்கொண்டாள்.

"போ, வெயில் ஏறுறதுக்குள்ள வை. ஸுலைகாகிட்டச் சொல்லு, அந்தத் தகரத்தை எல்லாம் கவுத்து மிளகாயை மண்ணுல வைக்கச் சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன நிக்கிறே? கிடுகு விக்கிறவ வீட்டுக்குப் போ. நாளைக்கே கூரையைப் பிரிக்கணும்."

அந்த வாரம் மரதூ முனையில் எல்லா வீட்டுக் கூரையும் ஒரே சமயத்தில் பிரிந்து கிடந்தது. கிடுகு விற்கிற பெண்கள் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். எங்கள் கூரையின் மேல் ஏறி வாரியில் கயிறு கட்டியது எல்ஹா மச்சான். ஆதம்பேயும் வந்தான், மாலேப் பக்கத்தில் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் வருகிற விடுதிக்கு வேலைக்குப் போவதற்கு முந்தின வாரம். கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "என்னய்யா, எனக்குத் தர்றேன்னு சொன்ன மூலை எங்கே?" என்று கத்தினான். "மேல ஏறி வா, கூரையில தர்றேன்" என்றார் மச்சான்.

அதற்குப் பிறகு அவர் மீனுக்குப் போனார். பழைய கைப்பழக்கம் திரும்பியது. கானில் தையல் ஆலை வந்தபோது அவர் மகள் அங்கே வேலைக்குப் போனாள். அவரை எத்தனை தரம் கூப்பிட்டும் பாலம் தாண்டிக் கானுக்குப் போகவில்லை. அந்தப் பெரிய மரம் நிற்கிறதா என்று மகளிடமும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. மூப்பு வந்து ஃபேதூவிலேயே மௌத்தானார். என் வாப்பா பிறந்த மண்ணில் அவரை அடக்கினோம். என் வாப்பா கிடப்பது மரதூவில். இப்படித்தான் ஆயிற்று.

அவர் இருந்த காலத்திலேயே கிணற்றடிக் கன்றும் காய்த்தது, சில வருடம் பிடித்தது. முதல் காய் வந்தபோது அவர் இரண்டு சாக்கோடு வந்தார். ஒன்றை இறக்கி, "மாமி, உங்க மரம் காய்ச்சிருக்கு" என்றார். இன்னொன்றைச் சைக்கிளிலேயே வைத்திருந்தார்.

உம்மாவுக்கு அப்போது கண் மங்கியிருந்தது. "அந்தச் சாக்குல என்ன?"

"எங்க மரம்" என்றார்.

"அப்ப அது எனக்கு எதுக்கு? ஸுலைகாகிட்டக் கொண்டுபோய்க் குடு" என்றாள் உம்மா. அவர் கட்டை அவிழ்க்காமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.